125 மைல் வேகத்தில் பாதையைப் படிப்பது எப்படி: பிரிட்டன் ரயில் ஓட்டுநரின் ரூட் அறிவும் லைன் ஸ்பீடும்

மணிக்கு 125 மைல் வேகத்தில் ஓடும் ரயில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 56 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்திலிருந்து முழுதாக நிற்க ஒரு மைலுக்கும் மேல் பாதை வேண்டும். அவ்வளவு தூரம் முன்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரிந்தாக வேண்டும், ஆனால் கண்ணுக்கு எட்டாது. மழை, மூடுபனி, டிசம்பர் மாதத்து மாலை நான்கு மணி இருட்டு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பிரிட்டனில், என்னதான் நல்ல ஓட்டுநராக இருந்தாலும், பாதையைப் படித்துத் தேறிக் கையெழுத்துப் போடாமல் அதில் தனியாக ரயிலை எடுக்க முடியாது.

இந்த வழிகாட்டி மூன்று பேருக்கு உதவும். சிமுலேட்டரில் பிரிட்டிஷ் பாதைகளை முறையாக ஓட்ட நினைப்பவர், அங்கே ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிக்க யோசிப்பவர், ஜன்னலோரம் உட்கார்ந்து 'ஏன் இங்கே வேகம் குறைகிறது' என்று கேட்பவர். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 125 என்பது லைன் ஸ்பீடின், அதாவது பாதையில் அனுமதிக்கப்பட்ட வேகத்தின், உச்ச வரம்பு மட்டும்தான். ரூட் அறிவு என்பது பெரும்பாலும் 125-ல் போகக் கூடாத இடங்களைப் பற்றியது. அதிலும் வேக எண் பாதிதான். எந்த இடத்தில் பிரேக்கைத் தொட வேண்டும் என்பது மீதிப் பாதி, கடினமான பாதியும் அதுவே.

படி 1: ஒரு துண்டு, ஒரு திசை

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ வரை ஈஸ்ட் கோஸ்ட் மெயின் லைன் 393 மைல். அதை மொத்தமாகப் படிக்க இறங்காதீர்கள். பீட்டர்பரோவிலிருந்து டான்காஸ்டர் வரை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து 76-வது மைலில் தொடங்கி 156-வது மைலில் முடியும் இந்த 80 மைலுக்குள் நீண்ட ஏற்றம், சுரங்கம், சந்திப்புகள், இன்னொரு ரயில் பாதையைத் தரைமட்டத்திலேயே குறுக்காகக் கடக்கும் இடம் என்று எல்லாமே இருக்கின்றன.

லண்டனை விட்டு விலகிப் போகும் திசை 'டவுன்', லண்டனை நோக்கி வருவது 'அப்'. இரண்டையும் இரண்டு தனிப் பாடங்களாக வைத்துக்கொள்ளுங்கள். டவுனில் ஏற்றமாக இருப்பது அப்பில் இறக்கம். சிக்னல் இருக்கும் இடம் வேறு, பிரேக் புள்ளி வேறு, வேக வரம்பு மாறும் இடமும் சில நேரம் வேறு. நான்கு தடம் இருக்கும் இடங்களில் ஃபாஸ்ட் லைனுக்கு ஒரு வேகம், ஸ்லோ லைனுக்கு ஒரு வேகம்.

படி 2: அட்டவணையை எடுத்து வாசிக்கப் பழகுங்கள்

பாதையை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரயில், 'செக்‌ஷனல் அப்பெண்டிக்ஸ்' என்ற ஆவணத்தைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பல பாகங்கள் உண்டு. நமக்கு வேண்டிய பாதை லண்டன் நார்த் ஈஸ்டர்ன் பாகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இடத்தின் பெயர், மைலேஜ், தடங்களின் கோட்டு வரைபடம், அதன் மேல் வேக எண்கள், ஓரத்தில் சிக்னல் முறை பற்றிய குறிப்புகள் என்று இருக்கும்.

மைலேஜ் என்பது மைலும் செயினும். ஒரு மைலுக்கு 80 செயின், ஒரு செயின் ஏறத்தாழ 20 மீட்டர். 76 மைல் 40 செயின் என்றால் எழுபத்தாறரை மைல். தசமம் என்று நினைத்து 76.4 என வாசித்தால் 160 மீட்டர் தள்ளிப் போய்விடும். 125-ல் அது மூன்று விநாடி.

இன்னொன்றிலும் கவனம் வேண்டும்: மைல் கணக்கு லண்டனிலிருந்து எடின்பரோ வரை ஒரே சீராக ஓடுவதில்லை. யார்க்கில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, நியூகாசிலில் இன்னொரு முறை. ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய பெரிக்கைத் தாண்டினால் கணக்கு எடின்பரோவிலிருந்து வருவதால், வடக்கே போகப் போக எண் குறைகிறது. பழைய காலத்தில் வெவ்வேறு கம்பெனிகள் தனித்தனியாகப் போட்ட பாதைகள் இவை என்பதால் வந்த நிலை.

படி 3: உங்கள் ரயிலுக்கு எந்த எண்?

புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே இடத்தில் இரண்டு மூன்று வேகங்கள் எழுதியிருக்கும். ஒரே பலகையில் மேலும் கீழுமாக இரண்டு எண் இருந்தால் மேலே இருக்கும் சிறிய எண் சரக்கு ரயில் போன்றவற்றுக்கு, கீழே இருக்கும் பெரிய எண் பயணிகள் ரயிலுக்கு. எண்ணோடு எழுத்துகள் சேர்ந்திருந்தால் அது குறிப்பிட்ட வகை ரயில்களுக்கு மட்டும். 'எச்எஸ்டி' என்றிருப்பது 1976-ல் 125 மைல் சேவையைத் தொடங்கிய டீசல் ரயிலின் பெயர். நல்ல பிரேக்கும் அச்சுக்குக் குறைந்த பாரமும் கொண்ட பிற்கால ரயில்கள் பலவும் அந்த எண்ணையே பயன்படுத்துகின்றன. 'எம்யு' என்றால் மல்டிபிள் யூனிட் வகைகளுக்கு, அதாவது தனி எஞ்சின் இல்லாமல் பெட்டிகளிலேயே மோட்டார் இருக்கும் ரயில்களுக்கு.

வெஸ்ட் கோஸ்ட் மெயின் லைனில் இதற்கு மேல் ஒரு அடுக்கு உண்டு. வளைவில் சாயும் பெண்டோலினோ ரயில்களுக்கு 'இபிஎஸ்' என்ற தனி வேகம். சாயாத ரயில் அதே வளைவில் அதைவிட மெதுவாகத்தான் போக வேண்டும். சாய்வதற்கான அனுமதியையும் வேகத்தையும் தடத்தில் பதித்த கருவிகள் வழியே ஒரு கண்காணிப்பு முறை சரிபார்த்துக்கொண்டே வரும். சிமுலேட்டரில் வெஸ்ட் கோஸ்ட்டை ஓட்டுபவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: நான் ஓட்டுவது சாயும் ரயிலா, இல்லையா?

படி 4: எலும்புக்கூடு வரையுங்கள்

ஒரு நீளத் தாளை எடுத்து, கீழிருந்து மேலாக, ரயில் போகும் திசையில் எழுதுங்கள். முதலில் நகராத பொருள்கள்: ஸ்டேஷன், சுரங்கம், பாலம், லெவல் கிராசிங், சந்திப்பு. டவுன் திசையில் பீட்டர்பரோ, ஸ்டோக் சுரங்கம், கிரந்தம், நியூவார்க் நார்த்கேட், அதை ஒட்டிய தரைமட்டக் குறுக்குப் பாதை, ரெட்ஃபோர்ட், டான்காஸ்டர். இதைப் பார்க்காமல் சொல்ல வந்த பிறகுதான் வேக எண்களை ஏற்ற வேண்டும். சிக்னல்கள் அதற்கும் பிறகு.

இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வேகங்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு 'இப்போது எங்கே இருக்கிறோம்' என்ற ஒரு கேள்வி போதும், எல்லாம் கலைந்துவிடும். இடம் உறுதியாக இருந்தால் எண் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

படி 5: பிரேக் புள்ளி

நியூவார்க்கை எடுத்துக்கொள்வோம். லண்டனிலிருந்து சுமார் 120-வது மைலில் நார்த்கேட் ஸ்டேஷன். அதற்குச் சற்று வடக்கே, நாட்டிங்காமுக்கும் லிங்கனுக்கும் இடையிலான பாதை நம் பாதையைத் தரைமட்டத்திலேயே குறுக்கே வெட்டுகிறது. தண்டவாளம் தண்டவாளத்தைக் கடக்கும் இடம் என்பதால் சக்கரங்கள் இடைவெளிகளில் அடித்துக்கொண்டு போகும். எனவே அங்கே வரம்பு 100.

125-லிருந்து 100-க்கு இறங்க எவ்வளவு தூரம் வேண்டும்? விநாடிக்கு மீட்டரில் மாற்றினால் 55.9-லிருந்து 44.7. பயணிகள் கையிலிருக்கும் தேநீர் சிந்தாத மென்மையான பிரேக், அதாவது ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் வீதம் குறைவதாக வைத்துக்கொண்டால், இரண்டு வேகங்களின் வர்க்கங்களைக் கழித்து, பிரேக் வீதத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 3125-லிருந்து 1998 போக 1127. அரையின் இரு மடங்கு ஒன்று. ஆக 1127 மீட்டர், முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு. பிரேக் பிடிக்கச் சில விநாடி ஆகும், அதற்கும் இடம் விடுங்கள். இப்போது வரைபடத்தில் அந்தத் தூரத்தைப் பின்னால் அளந்து, அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஒரு சாலைப் பாலமா, சிக்னல் கம்பமா? அதுதான் உங்கள் பிரேக் புள்ளி.

இரண்டு புள்ளிகள் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று பகலில் கண்ணில் படுவது. இன்னொன்று இருட்டிலும் தெரிவது. பாலத்துக்கு அடியில் போகும்போது சத்தம் மாறுவது, ஏற்றம் முடிந்து தளர்வது, ஒரு ஸ்டேஷனின் விளக்குகள், சிக்னல் கம்பத்தின் எண் பலகை. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் மூடுபனியில் ஓட்டுவது இந்த இரண்டாவது பட்டியலை நம்பித்தான்.

வேகம் கூடும் இடத்திலும் ஒரு விதி உண்டு. புதிய வரம்புப் பலகையை எஞ்சின் தாண்டியதும் முடுக்கக் கூடாது. ரயிலின் கடைசிப் பெட்டியும் தாண்ட வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓடும் ஒன்பது பெட்டி அசூமா ரயில் ஏறத்தாழ 234 மீட்டர் நீளம். ஆகவே ரயிலின் நீளமும் உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

படி 6: பலகை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நிரந்தர வேகப் பலகை வட்டமானது: வெள்ளைப் பின்னணி, சிவப்பு விளிம்பு, கறுப்பு எண். வேகம் குறையப் போகிறது என்று முன்கூட்டியே சொல்வது மஞ்சள் விளிம்புள்ள முக்கோணம். அதோடு தடத்தின் நடுவில் ஏடபிள்யூஎஸ் என்ற தானியங்கி எச்சரிக்கை முறையின் காந்தமும் இருக்கும். அதைத் தாண்டும்போது கேபினில் ஹாரன் ஒலிக்கும். ஓட்டுநர் உடனே பொத்தானை அழுத்தி ஒப்புக்கொள்ளாவிட்டால் பிரேக் தானே பிடித்துவிடும்.

இந்த முக்கோணம் வந்ததற்குப் பின்னால் ஒரு வளைவு இருக்கிறது. நார்தம்பர்லாந்தில் மார்பெத் ஸ்டேஷனுக்குத் தெற்கே பாதை ஏறத்தாழ செங்கோணமாகத் திரும்புகிறது. 1969 மே 7 அன்று, 40 மைல் வரம்பிருந்த அந்த வளைவில் லண்டனிலிருந்து வந்த இரவு ரயில் 80-க்கும் மேல் நுழைந்து தடம் புரண்டது. ஆறு பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்குப் பாதை தெரியாமல் இல்லை, கவனம் வேறெங்கோ போயிருந்தது. அதன் பிறகுதான் வேகம் கடுமையாகக் குறையும் இடங்களுக்கு முன் எச்சரிக்கைப் பலகையும் காந்தமும் வைக்கத் தொடங்கினார்கள். அதே வளைவில் 1984-லும் 1994-லும் மீண்டும் ரயில்கள் தடம் புரண்டன. இன்று அங்கே வரம்பு 50.

முக்கோணம் எங்கெல்லாம் கட்டாயம் என்பதைக் கவனியுங்கள். வரும் வேகம் 60 அல்லது அதற்கு மேல் இருந்து, குறைப்பு மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான். 125-லிருந்து 100 என்பது ஐந்தில் ஒரு பங்குக் குறைப்பு. 125-லிருந்து 85-கூட மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. அந்த இடங்களில் முன்னெச்சரிக்கை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வட்டப் பலகை கண்ணில் படும்போது பிரேக் பிடித்தால் நேரம் கடந்திருக்கும். உங்கள் தாளில் இத்தகைய இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். கருவி உதவாத இடத்தில் மனிதனின் நினைவு மட்டுமே காவல், அதனால் படிப்பின் பெரும்பகுதி இந்தச் சிவப்புக் குறிகளுக்கே போக வேண்டும்.

படி 7: சந்திப்புகள், வழக்கத்தின் ஆபத்து

சிக்னல் நிறங்கள் எளிது. போகலாம் என்னும் பச்சை, நிற்கத் தயாராகச் சொல்லும் இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், நில் என்னும் சிவப்பு. வேறு தடத்துக்குப் பிரியப் போகிறது என்றால் சிக்னலின் மேல் ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக ஒரு வரிசையில் எரியும். ஓட்டுநர்கள் இதை 'ஃபெதர்' என்பார்கள். பிரிட்டனில் அந்த விளக்குகள் திசையைத்தான் காட்டும், வேகத்தைக் காட்டாது. எந்த ஃபெதர் எரிந்தால் எந்தத் தடம், அங்கே வரம்பு 70-ஆ 25-ஆ என்பதை ஓட்டுநர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு. நியூகாசிலிலிருந்து லண்டன் நோக்கி வந்த ரயில் ஒன்று பீட்டர்பரோவுக்கு வடக்கே ஸ்பிட்டல் சந்திப்பில் வழக்கமான நேர்த்தடத்தில் போகாமல் பிரியும் தடத்துக்கு அனுப்பப்பட்டது. வரம்பு 30, பிறகு 25. ரயில் கடந்தது 76-ல். தடம் புரளவில்லை. ஆனால் பயணிகள் விழுந்தார்கள், பயணப் பைகள் மேலிருந்து சரிந்தன, சிலருக்குச் சிறு காயம். விசாரணையில் வெளிப்பட்ட காரணம் நம் பாடத்துக்கு நேராக வருகிறது: நேரே போகப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பு, சிக்னல் காட்டியதை மறைத்துவிட்டது.

எனவே ஒவ்வொரு சந்திப்புக்கும் மூன்று வரி எழுதுங்கள். வழக்கமாக எங்கே அனுப்புவார்கள். வேறு எங்கெல்லாம் அனுப்ப முடியும், ஒவ்வொன்றிலும் வேகம் என்ன. அப்படி அனுப்பினால் முந்தைய சிக்னல்களில் என்ன தெரியும். சில இடங்களில் மஞ்சள் விளக்குகள் மின்னி முன்கூட்டியே சொல்லும். சில இடங்களில் சிக்னல் சிவப்பிலேயே இருந்து ரயில் நெருங்கிய பிறகுதான் விடும். இரண்டாவது வரியை மனதுக்குள் தினமும் ஓட்டிப் பாருங்கள். வருடத்தில் ஓரிரு முறைதான் நடக்கும் என்பதே அதைப் படிக்க வேண்டிய காரணம்.

படி 8: இன்றைக்கு மட்டும் இருக்கும் வேகம்

பராமரிப்பு வேலை, பலவீனமான கரை, வெயிலில் விரியும் தண்டவாளம் என்று தற்காலிக வரம்புகள் வந்துகொண்டே இருக்கும். திட்டமிட்டவை வாரந்தோறும் வரும் ஆபரேட்டிங் நோட்டீஸில் அச்சாகும். பணியில் ஏறும்போது தன் பாதைக்கானவற்றை ஓட்டுநர் குறித்துக்கொள்வார். தடத்தில் இரண்டு விளக்குள்ள மஞ்சள் எச்சரிக்கைப் பலகை, வரம்பு தொடங்கும் பலகை, முடிவில் 'டி' (T) பலகை. திடீரென்று வந்த வரம்பானால், முன்னாலேயே மஞ்சள்–கறுப்புப் பட்டைகளும் மின்னும் விளக்குகளும் கொண்ட அவசரப் பலகையும் நிற்கும்.

விளக்கு அணைந்திருந்தால் வரம்பு நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. 1975 ஜூன் 6 அதிகாலை நனீட்டனில் இதுதான் நடந்தது. எச்சரிக்கைப் பலகையின் விளக்குகள் எரியவில்லை. 20 மைல் வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்த ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லை. தொடக்கப் பலகை தெரிந்தபோது நேரமில்லை. ஆறு உயிர்கள் போயின.

படி 9: ஏற்றம், பிடிமானம், மின்சாரம்

இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. ஸ்டோக் சுரங்கத்திலிருந்து பீட்டர்பரோ நோக்கி இறங்கும் சரிவு பெரும்பாலும் 178-க்கு 1, 200-க்கு 1 என்ற அளவு. 1938 ஜூலை 3 அன்று மல்லார்ட் நீராவி எஞ்சின் 126 மைலைத் தொட்டதும், 1989 செப்டம்பரில் ஒரு கிளாஸ் 91 மின்சார எஞ்சின் 162-ஐ நெருங்கியதும் இதே சரிவில்தான். சாதனைக்கு உதவிய இறக்கம் பிரேக்குக்கு எதிரி, அதனால் அப் திசையில் பிரேக் புள்ளியைப் பின்னால் தள்ளி வையுங்கள். இலையுதிர் காலத்தில் நசுங்கிய இலைகளால் தண்டவாளம் வழுக்கும் இடங்களையும், மேல்நிலைக் கம்பியில் மின்சாரம் இல்லாத நியூட்ரல் செக்‌ஷன்களையும் குறியுங்கள். சிவப்புச் சிக்னல் ஒன்றில் நின்றால் ரயிலின் மின்பிடிப்பான் நியூட்ரலுக்குள் மாட்டிக்கொள்ளுமா என்பதும் ரூட் அறிவுதான்.

கேபின் சிக்னல் இருந்தால்?

125-க்கு மேல் பாதையோரச் சிக்னலை நம்பி ஓட்டக் கூடாது என்பது பிரிட்டனின் நிலைப்பாடு. பீட்டர்பரோவுக்கும் ஸ்டோக்குக்கும் இடையே ஒரு காலத்தில் மின்னும் பச்சை விளக்கு வைத்து 140-க்குச் சோதனை செய்தார்கள். அது வழக்கமான சேவைக்கு வரவில்லை. லண்டனிலிருந்து சேனல் சுரங்கம் வரை போகும் ஹை ஸ்பீட் 1 பாதையில் யூரோஸ்டார் மணிக்கு 300 கிலோமீட்டர், கென்ட் செல்லும் ஜாவலின் 225 கிலோமீட்டர் ஓடுகின்றன. அங்கே வேகம் கேபின் திரையில் வருகிறது, கணக்கும் கிலோமீட்டரில். ஈஸ்ட் கோஸ்ட்டின் தெற்குப் பகுதியிலும், லண்டனிலிருந்து ஸ்டோக் சுரங்கம் வரை, ஈடிசிஎஸ் என்ற கேபின் சிக்னல் முறையைக் கொண்டுவரும் வேலை நடக்கிறது.

அப்போதும் பாதையைப் படிக்க வேண்டியிருக்கும். ஜாவலின் ஓட்டுநர் ஹை ஸ்பீட் 1-ஐ விட்டு இறங்கியதும் மேல்நிலைக் கம்பியிலிருந்து மூன்றாவது தண்டவாள மின்சாரத்துக்கு மாறி, சாதாரண சிக்னல்களை வாசித்து, 100 மைலுக்குள் ஓட்ட வேண்டும். நிற்கும் இடம், சரிவு, வழுக்கும் பகுதி எதுவும் திரை வந்ததால் மறைந்துவிடாது.

படி 10: தேர்வும் கையெழுத்தும்

நிஜ ஓட்டுநர் பாதைத் தெரிந்த ஒருவரோடு கேபினில் பல முறை போய்வருவார், பகலிலும் இரவிலும். வீடியோவும் சிமுலேட்டரும் துணைக்கு. பிறகு மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார்: இந்தச் சிக்னலில் எத்தனை வழி பிரியலாம், சிவப்பைத் தாண்டிய சம்பவங்கள் இங்கே எங்கே நடந்திருக்கின்றன, தகவல் தொடர்பு அறுந்தால் என்ன செய்வீர்கள். தேறினால் கையெழுத்து. பல மாதம் அந்தப் பாதையில் போகாவிட்டால் மறுபடி புதுப்பிக்க வேண்டும். கையெழுத்து இல்லாத பாதையில் போக வேண்டி வந்தால், தெரிந்த ஓட்டுநர் ஒருவர் வழிகாட்டியாகக் கூடவே ஏறுவார்.

நீங்களும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாளை அவரிடம் கொடுத்து, நடுவில் எங்கிருந்தாவது கேட்கச் சொல்லுங்கள். வரிசையாக ஒப்பிப்பது தேர்வாகாது. பிரிட்டனில் இருந்தால் ரயிலிலும் சோதிக்கலாம். பாதையோரம் கால் மைலுக்கு ஒரு கல் இருக்கும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஆகும் விநாடியால் 900-ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வந்துவிடும். 9 விநாடி என்றால் 100, 12 என்றால் 75, 125-ல் 7.2. கல் வேகமாக ஓடி மறையும் என்பதால் நான்கு இடைவெளிகளைச் சேர்த்து ஒரு மைலுக்கு அளந்து, 3600-ஐ வகுப்பது துல்லியம்.

டவுன் திசை கைவந்ததும் அப்புக்குத் திரும்புங்கள். அப்புறம் மாற்று வழி: பீட்டர்பரோவிலிருந்து ஸ்பால்டிங், லிங்கன் சுற்றி டான்காஸ்டர் போகும் ஜாயின்ட் லைன். மெயின் லைன் அடைபட்டால் ரயிலை அந்த வழியாக அனுப்பப் பாதை இருந்தால் மட்டும் போதாது, அதில் கையெழுத்துப் போட்ட ஓட்டுநரும் வேண்டும். அதன் அட்டவணையும் அதே லண்டன் நார்த் ஈஸ்டர்ன் பாகத்திலேயே இருக்கிறது. வேகங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், உங்கள் தாளின் தலையில் எந்தத் தேதிப் பதிப்பைப் பார்த்து எழுதினீர்கள் என்று குறித்துவிடுங்கள்.